பயனர்: பனையடி

கேன்டீனுக்கு நடேசன் வந்தார். மனிதவளத் துறை அதிகாரி. பிரஸ் ஷாப் ஆட்கள் சாப்பிடும் பக்கம் வருகிறவர் அல்ல. அன்றைக்கு ஒவ்வொரு மேசையாக நின்று, சாம்பார் எப்படியிருக்கிறது என்று விசாரித்தார். பிறகு கைப்பேசியைத் திருப்பிக் காட்டினார்.

"இது எந்தத் தெருன்னு யாருக்காச்சும் தெரியுமாப்பா?"

படத்தில் ஒரு கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ். நடுவில் நயினார். ஐடி கார்டுக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கியதால் முகம் கலங்கியிருந்தது. கீழே, கண்ணீருடன் பிரஸ் ஷாப் நண்பர்கள். ஃபிளெக்ஸுக்குப் பின்னால் மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி பாதி தெரிந்தது. நீல நிறம்.

யாருக்கும் தெரியவில்லை. அந்த மேசையில் இருந்த அத்தனை பேரும் சேர்ந்து தூக்கிக் கட்டிய ஃபிளெக்ஸ் அது. மாரிராஜ் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, தெரியலையே சார் என்றான். உடனே மோரை எடுத்துக் குடித்தான்.

நடேசன் கோபப்படவில்லை. கண்டுபிடித்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோலச் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

நயினார் செத்தது ஆடியில். மாரிராஜ் நின்ற பிரஸ்ஸுக்கு அடுத்த பிரஸ். ஆள் உள்ளே கை நீட்டினால், தகட்டை அழுத்தும் அந்த இயந்திரம் தானாக நிற்பதற்கு அதில் ஒரு சென்சார் உண்டு. தகடு கொஞ்சம் விலகிப்போனாலும் அது நின்றுவிடும். நின்றால் உருப்படி குறையும். அந்த வாரம் முழுக்க அதை அணைத்து வைத்திருந்தார்கள். சிக்கிய தகட்டை எடுக்க நயினார் உள்ளே எட்டினான். பிரஸ் நிற்கவில்லை.

அவனுடைய கவனக்குறைவு என்று விசாரணையில் எழுதி, சுற்றி நின்றவர்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். மாரிராஜும் போட்டான். நயினாரின் அண்ணன் சாத்தான்குளத்திலிருந்து வந்து உடலை வாங்கிக்கொண்டு போனார். கம்பெனி ஏட்டில் நயினாருக்கு இருந்ததும் அந்த ஊர் விலாசம் மட்டும்தான். தனியார் தொழிற்சாலையில் தொழிலாளி சாவு என்று பேப்பரில் சின்னதாக வந்தது. எந்தத் தொழிற்சாலை என்று வரவில்லை. அத்தோடு அது முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அதில் அவர்கள் கம்பெனி இருக்கிற ஒரகடம் தொழிற்பேட்டைக்கு ஒரு பக்கம் உண்டு. என்னென்ன கம்பெனி, எத்தனை ஏக்கர் என்ற விவரமெல்லாம் போட்டிருக்கும். புரட்டாசியில் அந்தப் பக்கத்தின் அடியில் விபத்துகள் என்று ஒரு தலைப்பு முளைத்தது. நயினாரின் பெயரும் கம்பெனியின் பெயரும் இருந்தன. கடைசி வரி இப்படி: "பாதுகாப்பு உணரி அணைத்து வைக்கப்பட்டிருந்ததாகச் சக தொழிலாளர்கள் கூறுகின்றனர்." சான்று என்று அந்த ஃபிளெக்ஸின் படத்தை ஏற்றியிருந்தார்கள். கம்பெனி அழித்தது. மறுநாள் வரி திரும்ப வந்தது. மறுபடி அழித்தார்கள். மறுபடி வந்தது. எழுதியவர் பெயர் வரும் இடத்தில் பயனர்: பனையடி என்று இருந்தது.

கம்பெனி பஸ்ஸில் அது விளையாட்டாகிப் போனது. ஜன்னலோரம் பிடித்துக்கொண்டு நகராதவனை, ஏலே பனையடி, தள்ளி உக்காரு என்பார்கள். யாராவது செல்லைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால், பனையடி எழுதுதான், தொந்தரவு பண்ணாதிய என்பார்கள். பேச்சிராஜுக்கு உடன்குடி. அவன் அப்பா பனையேறி. அதனால் கேலி அவன்மேல் போய் ஒட்டிக்கொண்டது. அவனும் விடவில்லை.

"ஆமாலே, நாந்தான் பனையடி. இன்னைக்கு உன்னயப் பத்தி எழுதப்போறேன். மூணு நாளா குளிக்கலைன்னு."

பஸ் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு எந்த வழியாக மாடி ஆபீசுக்குப் போனதோ, ஒரு காலையில் பேச்சிராஜ் கார்டை வைத்தபோது கேட் திறக்கவில்லை. காண்டிராக்டர் போனில் ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார். அதன்பிறகு பஸ்ஸில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. ஆனால் நடேசன் தேடுவதையும் நிறுத்தவில்லை. பேச்சிராஜை அனுப்பிய பிறகும் அந்த வரி திரும்ப வந்திருந்தது.

பஸ் சிரித்தபோதெல்லாம் மாரிராஜும் சிரித்தான். சென்சாரை அணைத்து வைத்திருந்த விஷயத்தை அவன் வெளியே ஒரே ஒரு ஆளிடம்தான் சொல்லியிருந்தான். நயினார் செத்த அன்று சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தபோது, அழுதுகொண்டே சொன்னான். கேட்டுக்கொண்டிருந்தவள் அவன் மனைவி. அவளுக்கும் உடன்குடிப் பக்கம்தான். அவளிடம் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள் என்று பயமாக இருந்தது.

அன்று சாயங்காலம் இருங்காட்டுக்கோட்டையில் பஸ் இறக்கிவிட்டபோது மழை பிடித்திருந்தது. சர்வீஸ் ரோட்டில் கணுக்கால் அளவு தண்ணீர். அவன் குடியிருந்த கண்ணப்பனின் வீடு சந்துக்குள் இருந்தது. கீழே வாடகைக்கு விடுகிற அறைகள் வரிசையாக, மேலே அவர் குடும்பம், மொட்டை மாடியில் நீலத் தொட்டி. கண்ணப்பன் படிக்கட்டுக்கு அடியில் ஒண்டிக்கொண்டு நின்றார். அவர் மனைவி கிளியம்மாள் மோட்டார்மேல் கோணியைப் போட்டு மூடிக்கொண்டிருந்தாள்.

"மாரி, இங்க வா. உங்க கம்பெனிலேர்ந்து ஒர்த்தன் வந்துகினு போனான். செல்லுல ஒரு போட்டோ காட்னான். இது உன் வூட்டு டேங்க்கான்னு கேக்கறான்."

மாரிராஜ் தலைத்துண்டை எடுத்துப் பிழிந்தான். "நீங்க என்ன சொன்னிய?"

"நான் இன்னா சொல்றது? ஊர்ல பாதி வூட்ல இதே டேங்க்தான் கீது, போய்ப் பாருன்னேன்."

"அத்தோட வுட்டாரா," என்றாள் கிளியம்மாள். "அந்தப் புள்ள செத்ததுலேர்ந்து ரூமுக்கு ஆளே வர மாட்டன்றான்னு அவன்கிட்டயே பொலம்பிகினு நிக்கறாரு. எந்தப் புள்ளன்னு அவன் கேட்டான் பாரு, அப்பதான் வாய மூட்னாரு."

கண்ணப்பன் மழையைப் பார்த்தார். வாய் தவறிவிட்டது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, தனக்கு ஒன்றும் தெரிய வேண்டாம், ஆனால் வாசலில் கம்பெனிக்காரன் வந்து நிற்பது நல்லதில்லை, மற்ற அறைகளில் இருக்கிற பையன்களும் அந்தக் கம்பெனியை நம்பித்தான் இருக்கிறார்கள் என்றார். மிரட்டவில்லை. அவரே பயந்திருந்தார். மிரட்டியிருந்தால் மாரிராஜால் பதில் பேசியிருக்க முடியும்.

நயினாரின் அறையில் பூட்டு தொங்கியது. அதைத் தாண்டி அடுத்த கதவு அவனுடையது.

பாண்டிச்செல்வி உளுந்தஞ்சோறு பொங்கி எள்ளுத் துவையல் அரைத்திருந்தாள். அறைக்குள் நல்லெண்ணெய் வாசமும் காயாத துணி வாசமும் கலந்து கிடந்தன. அவள் கையில் செல் இல்லை. அவன் அதைக் கவனித்தான். எந்நேரமும் எதையாவது தட்டிக்கொண்டே இருக்கிறவள்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் செல்போன் உதிரிபாகக் கம்பெனியில் லைனில் நின்றவள். ஹாஸ்டலில் இருந்துகொண்டே அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்தாள். இப்போது தண்டலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.ஏ. வரலாறு. கடைசி வருடம். ஆய்வேட்டுக்கு இந்த வட்டாரத்து ஏரிகளை எடுத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கில் போவார்கள். அவன் வண்டியின்மேல் உட்கார்ந்திருப்பான். அவள் கரைமேல் நடந்து போவாள். மதகு எங்கே, மிகுதித் தண்ணீர் வழிகிற கலங்கல் எப்போது உடைந்தது, தண்ணீர் எந்தப் பக்கத்து வயலுக்குப் பாய்ந்தது என்று மாடு மேய்க்கிறவர்களிடம் கேட்பாள். திரும்பி வரும்போது முதுகுக்குப் பின்னால் செல்லில் தட்டிக்கொண்டே வருவாள். என்ன எழுதுகிறாள் என்று அவன் கேட்டதில்லை. யாருடனும் பேசாமல் எழுதிக்கொண்டிருப்பது நல்ல பழக்கம்தானே என்று இருந்துவிட்டான்.

அவன் இரண்டு கவளம் சாப்பிடும்வரை பொறுத்திருந்து சொன்னாள். ஆய்வேட்டைக் கல்லூரிக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பெரும்பகுதி அந்த இணையக் களஞ்சியத்தில் இருப்பதன் நகல் என்று வந்துவிட்டது. துறைத் தலைவருக்கு அந்தக் களஞ்சியத்தின் பெயரைக் கேட்டாலே ஆகாது. சனிக்கிழமை வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்.

"பாத்து எழுதுனியா?"

"இல்ல."

"பெறவு எப்படி ரெண்டும் ஒண்ணுபோல இருக்கு?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "அதுவும் நான் எழுதுனதுதான்."

எந்தப் பெயரில் என்று அவன் கேட்கவில்லை. துவையலைத் தொட்டு இன்னொரு வாய் சாப்பிட்டான். எள் கசந்தது. அவளே சொன்னாள்.

"பனையடிங்கது நாந்தான்."

"மெள்ளப் பேசு," என்றான். சுவர் ஒற்றைக்கல் சுவர். அந்தப் பக்கம் ஆள் இல்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மழை வாசல் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவன் தட்டிலேயே கை கழுவினான்.

"ஏரியப் பத்தி எழுதுனா போதாதாட்டி உனக்கு?"

"ஏரியில கலங்கல் உடைஞ்சத எழுதுதேன். பக்கத்து ரூம்ல இருந்தவன் செத்தத எழுதப்பிடாதா? சம்பளத்தன்னைக்கு நம்ம வீட்டுக்கும் சேத்துதான மீன் வாங்கிட்டு வருவான்."

"நான் சொன்னத எழுதிருக்க."

"உங்க பேரப் போடலல்லா."

"பேரப் போடாட்டா? அந்த ஷிஃப்டுல அங்கன நின்னது யாரு யாருன்னு அவனுக்குத் தெரியாதா? பேச்சிக்கு என்னாச்சுன்னு பாத்தியா?"

அவள் தலை குனிந்தாள். "பேச்சியண்ணன் சங்கதி தெரிஞ்ச அன்னைக்கே உங்ககிட்ட சொல்லணும்னு நெனச்சேன். பயமா இருந்துச்சு. சும்மா இருக்கவும் முடியல. அவனுவ அழிக்க அழிக்க, நயினார ரெண்டாவது தரம் கொல்லுத மாதிரி இருந்துச்சு."

ஏரிகளை வேறு பெயரில் எழுதியதாகக் கல்லூரியில் சொல்லிக்கொள்ளலாமா என்று கேட்டான். முடியாது என்றாள். செல்லை எடுத்துக் காட்டினாள். பனையடி என்ற பெயரைத் தொட்டால் அந்தப் பெயரில் இதுவரை எழுதியது அத்தனையும் வரிசையாக வந்தது. ஏரி, ஏரி, மதகு, கலங்கல். நடுவில் நயினார். பிறகு மறுபடி ஏரி. யார் வேண்டுமானாலும் தொட்டுப் பார்க்கலாம். ஏரியை எழுதியது நான்தான் என்று கல்லூரியில் சொன்னால், மற்றதையும் எழுதியது நான்தான் என்று ஊருக்கே சொன்னதாகிவிடும்.

அவன் விரலால் அந்த வரிசையை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான். "சொல்லாத."

"சொல்லாட்டா திருடிம்பாவ."

"வேலை போச்சுன்னா இந்தப் பேட்டைல எந்தக் கம்பெனி கேட்லயும் என்னய ஏத்த மாட்டான். கையெழுத்துப் போட்டவன் மாத்திப் பேசுதான்னு கேஸ் போடுவான். அவன் என்ன வேணும்னாலும் பண்ணுவான் செல்வி."

அவன் குரல் நடுங்கியதை அவள் கேட்டாள். சரி, சொல்லல என்றாள்.

சனிக்கிழமை விடுப்பு போட்டுவிட்டுப் போனான். கல்லூரி வாசலில் புது ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். வளாக நேர்காணலுக்கு வருகை தரும் நிறுவனங்களை வரவேற்கிறோம். வட்டமான படங்களில் மூன்றாவது நடேசன். கோட்டு போட்டிருந்தார். மாரிராஜ் வண்டியை நிறுத்தத் தெரியாதவன்போல இரண்டு தரம் ஸ்டாண்டைத் தட்டினான். அவள் அவன் முழங்கையைத் தொட்டு, வாங்க என்றாள்.

துறைத் தலைவர் நம்பிராஜன் கத்துகிறவர் அல்ல. மாரிராஜை நாற்காலியில் உட்காரச் சொல்லி, எந்த ஷிஃப்ட், மழையில் வர சிரமமா என்றெல்லாம் கேட்டார். ஒரு கல்யாணமான பெண்ணுக்காக வீட்டுக்காரரை வரவழைப்பது தனக்கே சங்கடம்தான் என்றார். மேசைமேல் இரண்டு காகிதக் கட்டுகள் இருந்தன. ஒன்று அவளுடைய ஆய்வேடு. இன்னொன்று களஞ்சியத்திலிருந்து அச்செடுத்தது. இரண்டிலும் ஒரே இடங்களில் மஞ்சள் பூசியிருந்தது.

"அங்க போகவே கூடாதுன்னு நான் சொல்றதில்ல தம்பி. போகட்டும், படிக்கட்டும். அங்கேயே குடித்தனம் பண்ணக் கூடாது. அடியில சான்று குடுத்திருப்பாங்க. அதைத் தேடிப் போய்ப் படிச்சு, அதை எழுதணும். அதை எழுதினவருக்குப் பேர் இருக்கும். தப்புன்னா போய்க் கேக்கலாம். இங்க யாரைக் கேக்கறது? பனையடின்னு போட்டிருக்கு. பனையடின்னா யாரு?"

கேன்டீனில் நடேசன் தெருவைக் கேட்டதும் இந்த ஆளைத் தேடித்தான். அவர் வேட்டைக்குக் கேட்டார். இவர் நியாயத்துக்குக் கேட்கிறார். மாரிராஜுக்கு இரண்டுக்கும் ஒன்றுபோலவே வியர்த்தது.

பாண்டிச்செல்வி மெதுவாகச் சொன்னாள். "சார், இந்த ஏரிகளப் பத்தி வேற எங்கயும் இல்ல சார். நாலஞ்சு ஏரிக்குப் புத்தகத்துல பேரே கிடையாது."

"அப்ப இந்த ஆளுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நடந்து போய்ப் பாத்திருப்பாங்க."

"சரி. அப்படி நடந்து போனது யாரு? நீயா?"

மின்விசிறி சுற்றியது. அவள் தலையைத் திருப்பி மாரிராஜைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. சொல்லவா என்று மட்டும் அந்தப் பார்வை கேட்டது. கரைமேல் அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முள்ளுக்குள் நடந்து போனதைப் பார்த்த ஒரே ஆள் அவன். அவன் தரையைப் பார்த்தான். தன் செருப்பிலிருந்து வழிந்த தண்ணீர் நாற்காலிக்கு அடியில் தேங்கியிருப்பதைப் பார்த்தான்.

"தெரியாது சார்," என்றாள் அவள்.

நம்பிராஜன் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இது நல்ல எழுத்தும்மா. அதான் எனக்கு வருத்தம். எழுதினவர் யாருன்னு தெரிஞ்சா நானே போய்ப் பார்ப்பேன். கால் தேய நடந்திருக்கார். அந்த உழைப்பை நீ உன் பேர்ல கட்டி எடுத்துட்டு வந்திருக்கே."

அவர் சொல்வதைச் சொல்லி முடித்தார். யாரென்று தெரியாத ஒருவர் எழுதியதை நகலெடுத்ததாகத் திங்கட்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆய்வேட்டை அடுத்த வருடம் புதிதாகச் செய்யலாம். இளநிலை மாணவர்களுக்கு எச்சரிக்கையாக வகுப்பில் சொல்வார்கள், பெயர் சொல்ல மாட்டார்கள். தம்பிக்குப் புரிகிறதா என்று கேட்டார்.

"புரியுது சார்," என்றான் மாரிராஜ். எழுந்திருக்கும்போது, ரொம்ப நன்றி சார் என்றும் சொன்னான். அது ஏன் வாயில் வந்தது என்று தெரியவில்லை.

திரும்பும்போது மழை விட்டிருந்தது. நெடுஞ்சாலையில் புதுக் கார்களை ஏற்றிய லாரிகள் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போயின. அவள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். தோளைப் பிடிக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

வீட்டு வாசலில் பேச்சிராஜ் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு பை. கிளியம்மாள் கொடுத்த டீ கையில் இருந்தது. அறையைக் காலி செய்துவிட்டான். சாயங்கால பஸ்ஸில் ஊருக்குப் போகிறான். பாண்டிச்செல்வி அவனைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். பிறகு உள்ளே போய் அவசர அவசரமாக அடுப்பைப் பற்றவைத்தாள். தட்டு கொள்ளாமல் சோறு வைத்தாள்.

"என்ன மைனி, பந்தி மாதிரி வைக்கிய. நான் ஊருக்குத்தான் போறேன், மேலோகத்துக்கு இல்ல."

"ஊர்ல என்ன பண்ணப்போறலே?" என்றான் மாரிராஜ்.

"பனை ஏறலாம்னு பாக்கேன். கம்பெனிக்காரன் வச்ச பேரக் காப்பாத்தணும்லா." சிரித்தான். யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை. "எழுதுனவன்மேல எனக்கு வருத்தம் இல்லடே. பஸ்ஸுல நாந்தான் நாந்தான்னு நாமளேதான சொன்னோம். வருத்தம் என்னன்னா, என்னயத் தூக்கியும் அந்த வரி நிக்க மாட்டேங்கு. அழிச்சிட்டே இருக்கான்."

ஸ்ரீபெரும்புதூரில் ஏசுவடியான் என்று ஒரு நிருபர் இருப்பதைச் சொன்னான். கேட்டில் அவனை மறித்த விஷயம் கேள்விப்பட்டு அவரே போன் செய்தாராம். அவருக்கு எல்லாம் தெரியும். ஆனால் பேரோடு சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்கிறார். அப்படியானால் கம்பெனிப் பெயரைப் போட்டே அச்சில் வரும் என்கிறார்.

"நீ சொல்லிருக்க வேண்டியதுதானலே?"

"நான் அன்னைக்கு லீவுல்லா. பாக்காதத எப்படிடே சொல்ல? பக்கத்துல நின்னவன் சொல்லணும்." பேச்சிராஜ் சோற்றைப் பிசைந்தான். "அந்த ஷிஃப்டுல நின்ன எல்லாருக்கும் அவரு நம்பர அனுப்பிட்டேன். உனக்கும் வந்திருக்கும். வேண்டாம்னா அழிச்சிரு. யாரையும் குத்தம் சொல்ல மாட்டேன். பிள்ளைகுட்டிக்காரன் பயப்படத்தான் செய்வான்."

மாரிராஜுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பேச்சிராஜ் மறந்து சொல்லவில்லை, மற்றவர்களை நினைத்துச் சொன்னான். சாப்பிட்டுவிட்டுப் பையைத் தூக்கினான். போகும்போது நயினாரின் கதவுப் பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எந்த ஏரிக்கும் போகவில்லை. மத்தியானம் அவள் தரையில் தாளை வைத்து எழுதினாள். மதிப்பிற்குரிய ஐயா. அவன் கட்டிலில் படுத்துக்கொண்டு தலைகீழாக அதைப் படித்தான். ஏரிகள் பற்றிய எழுத்து என்னுடையதல்ல. அந்த இடத்தில் பேனா நின்றிருந்தது.

கண்ணப்பன் காலையிலேயே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். கம்பெனிக்காரன் பைக்கில் மறுபடி வந்தானாம். இந்தத் தரம் வீட்டை ஒன்றும் கேட்கவில்லை. எதிரே நின்று தொட்டியைப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டானாம். கிளியம்மாள் தொட்டிக்குக் கறுப்பு பெயின்ட் அடித்துவிடலாம் என்கிறாள், அடித்தால் அதுவே சந்தேகமாகுமோ என்று தான் யோசிப்பதாகவும் சொன்னார்.

பாண்டிச்செல்வியின் செல் ஒலித்தது. எடுத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"என்னட்டி?"

"திரும்ப அழிச்சிட்டாவ."

"கம்பெனியா?"

"இல்ல. இவரு வேற. இவரும் என்னய மாதிரி எழுதுதவருதான். யாரு, எந்த ஊருன்னு தெரியாது. நான் புதுசா எழுத வந்தப்போ தப்பெல்லாம் திருத்திச் சொல்லிக் குடுத்தாரு." அவர் எழுதியிருந்த குறிப்பை வாசித்துக் காட்டினாள். ஃபிளெக்ஸ் படம் ஒருவர் இறந்ததற்குத்தான் சான்று. உணரி அணைக்கப்பட்டிருந்ததற்கு அல்ல. அச்சில் வெளியான சான்று கிடைத்தால் மீண்டும் சேர்க்கலாம். வருத்தத்துடன் நீக்குகிறேன்.

"இதயும் திருப்பிப் போடுவியா?"

"மாட்டேன். இவரு சொல்லுதது சரிதான். நம்பிராஜன் சாரு சொன்னதும் இதேதான். ஆரு சொன்னாங்கன்னு கேக்காவ. சக தொழிலாளர்கள்னா ஆரு?" செல்லைக் கவிழ்த்து வைத்தாள். "விடுங்க. இனி வராது. உங்களுக்கும் நிம்மதி."

அவள் குத்திச் சொல்லவில்லை. களைத்துச் சொன்னாள். மறுபடி பேனாவை எடுத்தாள்.

மாரிராஜ் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். அவள் சொன்ன நிம்மதி வந்தது. மெய்யாகவே வந்தது. வரி போய்விட்டது. நாளைக்கு இந்தத் தாளைக் கொடுத்துவிட்டால் பனையடியையும் இவளையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் வழியில்லை. நடேசன் இன்னும் ஒரு மாதம் தேடுவார், பிறகு அவருக்கு வேறு வேலை வரும். எல்லாம் அடங்கிவிடும். நயினார் கவனமில்லாதவன். பேச்சிராஜ் புரளி கிளப்பியவன். செல்வி திருடி. மூன்று பேரையும் அப்படியே விட்டுவிட்டால் தான் திங்கட்கிழமை கார்டை வைக்கும்போது கேட் திறக்கும்.

நெஞ்சு அடித்துக்கொண்டது. நிம்மதி வந்த பிறகும் ஏன் அடித்துக்கொள்கிறது என்று நெஞ்சின்மேல் கையை வைத்துப் பார்த்தான்.

"அந்த லெட்டர எழுதாத."

அவள் நிமிர்ந்தாள். "எழுதாட்டா?"

"என் பேரு வந்துட்டா உன் பேர நீ மறைக்க வேண்டாம்லா?"

அவளுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் தாளைவிட்டு எழுந்து கட்டில் பக்கம் வந்தாள். "வேண்டாம். ஒரு வருசம் போனா போகட்டும். உங்களால தாங்க முடியாது."

"முடியாதுதான்," என்றான்.

பேச்சிராஜ் அனுப்பிய எண் செல்லில் அப்படியே இருந்தது. அழிக்க வேண்டும் என்று இரண்டு தரம் எடுத்துவிட்டு வைத்தது. விரல் ஈரத்தில் திரை நகரவில்லை. லுங்கியில் துடைத்துவிட்டு அழுத்தினான். எடுக்க மாட்டார், ஞாயிற்றுக்கிழமை, எடுக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே எடுத்துவிட்டார்.

பிரஸ் ஷாப் என்றதுமே ஏசுவடியானுக்குப் புரிந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை. எங்கே நின்றான், எது அணைந்திருந்தது, அணைக்கச் சொன்னது யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மாரிராஜ் சொன்னான். சில இடத்தில் குரல் எழும்பாமல் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. ஏற்கெனவே போட்ட கையெழுத்தைப் பற்றிக் கேட்டார். போட்டேன் சார் என்றான். ஏன் போட்டீர்கள் என்று கேட்டார். பயந்து போட்டேன் என்றான்.

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"தம்பி, பேரு போடலாமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அச்சுல வந்துட்டா நானே நெனச்சாலும் எடுக்க முடியாது."

வெளியே சந்துக்குள் ஒரு பைக் வந்து நின்றது. இஞ்சின் அணையவில்லை. கண்ணப்பன் யாரிடமோ பேசுவது கேட்டது. என்ன பேசுகிறார் என்று கேட்கவில்லை.

"மாரிராஜ்," என்றான். "அப்பா பேரு சுடலைமுத்து. அவன் நின்ன பிரஸ்ஸுக்கு அடுத்த பிரஸ்."

அந்தப் பக்கம் எழுதிக்கொள்கிற அமைதி. பாண்டிச்செல்வி எழுந்து போய்க் கதவைத் தாழிட்டாள். பிறகு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.